பிள்ளையின் கோபம் எங்கே போயிற்று?

1965 நவம்பரில் ஏவி.எம். வெளியிட்ட ‘குழந்தையும் தெய்வமும்’ தமிழர்கள் மறக்காத படங்களில் ஒன்று. பிரிந்து வாழும் தாய் தந்தையை, ஆளுக்கொரு வீட்டில் வளர்ந்த இரட்டைச் சிறுமிகள் இடம் மாறிப் போய்ச் சேர்த்துவைக்கும் கதை. ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோர். லல்லி, பப்பி என்ற இரண்டு பெண்களாகவும் நடித்தவர் குட்டி பத்மினி. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து, எம். எஸ். விஸ்வநாதன் இசை. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது. இதன் மூலத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் 1961இல் வந்த டிஸ்னியின் ‘பேரண்ட் ட்ராப்’ வரை போய் நின்றுவிடுகிறார்கள். அதற்கும் முன்னால் ஒரு சிறுவர் நாவல் இருக்கிறது. ஜெர்மன் எழுத்தாளர் எரிஷ் கேஸ்ட்னர் 1949இல் வெளியிட்ட ‘டாஸ் டொப்பெல்டே லோட்ஷென்’.

இந்த நாவலிலிருந்து கிளைத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, எது மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறது என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படவில்லை. பெரியவர்கள் தங்களைப் பங்கு போட்டுக்கொண்டதற்காகக் கோபப்படும் உரிமை அந்தச் சிறுமிகளுக்கு எந்தப் படத்தில் மிஞ்சியிருக்கிறது, எதில் பறிபோயிருக்கிறது என்பதே என் கேள்வி.

நாவல் ஒரு மலையூரில், ஏரிக்கரையில் தொடங்குகிறது. ஸேபூல் என்று கேஸ்ட்னர் கற்பனையாகப் பெயர் வைத்த ஊர் அது. கோடை விடுமுறையில் சிறுமிகள் மட்டும் வந்து தங்கும் இல்லம் ஒன்று அங்கே இருக்கிறது. வியன்னாவிலிருந்து வரும் லூயிசே பால்ஃபி துடுக்கானவள், சுருள்முடிக்காரி. மியூனிக்கிலிருந்து வரும் லோட்டே கோர்னர் இரட்டைப் பின்னலோடு அடக்கமாக இருப்பவள். இருவருக்கும் ஒன்பது வயது, ஒரே முகம். தன் முகத்தை இன்னொருத்தியிடம் பார்த்ததும் லூயிசேக்கு முதலில் வருவது ஆத்திரம். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவரையும் படுக்க வைக்கிறார்கள். இருட்டில் லோட்டே அழுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து லூயிசேயின் கை நீண்டு வந்து அவள் தலையைத் தடவுகிறது. பிறந்த தேதி ஒன்று, பிறந்த ஊர் ஒன்று என்று தெரிய வரும்போது, தங்களிடம் இத்தனை ஆண்டுகளாக உண்மை மறைக்கப்பட்டது இருவருக்கும் புரிகிறது. உடைகளையும் தலைமுடியையும் பழக்கங்களையும் மாற்றிக்கொண்டு, ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போகிறாள்.

இந்தக் கதை புத்தகமாவதற்கு முன் திரைக்கதையாகத்தான் உருவெடுத்தது. 1933 மே மாதம் பெர்லினில் நாஜிகள் புத்தகங்களை எரித்தபோது, தன் நூல்கள் நெருப்பில் விழுவதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர் கேஸ்ட்னர். எழுதத் தடை விதிக்கப்பட்டிருந்த அவருக்கு, 1942இல் ‘முன்ஷௌசன்’ படத்துக்காகப் புனைபெயரில் எழுதச் சிறிது காலம் அனுமதி கிடைத்தது. இரட்டைச் சிறுமிகளின் கதையையும் அப்போதுதான் படத்துக்காக எழுதினார். தடை மறுபடி இறுகியதும் அது நின்றுபோயிற்று. போர் முடிந்த பின் அதையே நாவலாக்கினார். போரில் கணவனை இழந்தும் பிரிந்தும் தனியாகப் பிள்ளை வளர்த்த பெண்கள் நிறைந்திருந்த நாட்டில் அந்தப் புத்தகம் வெளிவந்தது. லோட்டேயின் அம்மா மியூனிக்கில் ஒரு படப் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் ஒன்பது வயது லோட்டே கடைக்குப் போய், காசை எண்ணிக் கொடுத்து, சாமான் வாங்கி வந்து சமைத்து வைக்கிறாள். வியன்னாவில் அப்பா பெரிய இசையமைப்பாளர். அங்கே மாறிப் போன லோட்டே முதலில் கையில் எடுப்பது வீட்டுக் கணக்கு நோட்டு. வேலைக்காரி கணக்கில் ஏமாற்றுவதைக் கண்டுபிடித்துவிடுகிறாள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கதை நடுவே கேஸ்ட்னர் நின்று வாசகரோடு பேசுகிறார். விவாகரத்தைப் பற்றிச் சிறுவர் புத்தகத்தில் எழுதலாமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு, ஷர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரத்தின் கதையைச் சொல்கிறார். அவள் நடித்த படத்தை, வயது போதாது என்று அவளையே பார்க்க விடவில்லையாம். குடும்பம் உடைந்த துன்பத்தை அனுபவிக்க வயதுண்டு, அதைப் பற்றிப் படிக்க மட்டும் வயதில்லையா என்பது அவர் கேட்கும் நியாயம். பெற்றோர் ஏன் பிரிந்தார்கள் என்பதையும் பூசி மெழுகாமல் சொல்கிறார். கைக்குழந்தைகளின் அழுகை நடுவே இசையமைக்க முடியாமல் அப்பா தனி அறை எடுத்துப் போனார். மிக இளவயதில் தாயாகிவிட்ட அம்மா சந்தேகப்பட்டாள், பொறுமை இழந்தாள். வில்லன் யாரும் இல்லை. குற்றம் இருவருடையது, தண்டனை பிள்ளைகளுக்கு. லோட்டே காணும் கெட்ட கனவில் இரட்டையரின் கட்டில் ரம்பத்தால் அறுபடுகிறது. சிறுவர் இலக்கியத்தில் பெற்றோர் மீதான பிள்ளையின் பயமும் கோபமும் இவ்வளவு நேராகச் சொல்லப்பட்ட இடங்களை நான் அதிகம் படித்ததில்லை.

முதல் படம் 1950இல் ஜெர்மனியிலேயே வந்தது. ‘முன்ஷௌசனை’ இயக்கிய யோசெஃப் ஃபொன் பாக்கிதான் இதற்கும் இயக்குநர். கேஸ்ட்னரே திரைக்கதை எழுதி, கதைசொல்லியாகவும் தோன்றினார். நிஜ இரட்டையரான யுட்டா, ஈசா குந்தர் சகோதரிகள் நடித்தார்கள். ஜெர்மன் திரைப்பட விருதின் முதல் ஆண்டிலேயே, 1951இல், பரிசு இதற்குப் போயிற்று. அதே ஆண்டு ஜப்பானில் மிசோரா ஹிபாரி இரட்டை வேடம் ஏற்ற படமும், 1953இல் பிரிட்டனில் எமெரிக் பிரெஸ்பர்கர் இயக்கிய ‘ட்வைஸ் அப்பான் எ டைம்’ படமும் வந்தன. 1961இல் டேவிட் ஸ்விஃப்ட் இயக்கத்தில் ஹெய்லி மில்ஸ் நடித்த டிஸ்னி படம் கதையை அமெரிக்காவுக்குக் கொண்டு போயிற்று. வியன்னாவும் மியூனிக்கும் கலிஃபோர்னியப் பண்ணைவீடாகவும் பாஸ்டன் மாளிகையாகவும் ஆயின. சம்பளம் வாங்கிப் பிள்ளை வளர்த்த தாய் அங்கேயே காணாமல் போனாள். இரண்டு பக்கமும் பணம் இருக்கும்போது, இடம் மாறுவது வெறும் விளையாட்டாகிவிடுகிறது. வயதையும் கூட்டிவிட்டார்கள். பதின்மூன்று வயதுப் பெண் அப்பாவின் புதுக் காதலியை விரட்டச் செய்யும் குறும்பு சிரிப்பு மூட்டுகிறது. அப்பா மறுமணம் செய்யப்போகிறார் என்று கேட்ட ஒன்பது வயது லோட்டே காய்ச்சலில் விழுந்து கிடப்பது நெஞ்சைப் பிசைகிறது. 1998இல் நான்சி மையர்ஸ் இயக்கத்தில் லிண்ட்சே லோஹன் நடித்த படம் இன்னும் ஒரு படி மேலே போய், பெற்றோரின் திருமணக் காட்சியோடு தொடங்கியது.

எங்கிருந்து தொடங்குகிறது என்பது சின்ன விஷயமில்லை. நாவலில் நாம் முதலில் சந்திப்பது பிள்ளைகளை. பெற்றோரின் கதை அவர்களுக்குத் தெரிய வரும்போதுதான் நமக்கும் தெரிகிறது. ‘குழந்தையும் தெய்வமும்’ முதல் பகுதியைப் பெற்றோரின் காதலுக்கும் கல்யாணத்துக்கும் பிணக்குக்கும் கொடுத்துவிடுகிறது. வாலி எழுதிய புகழ்பெற்ற கடிதப் பாட்டு அந்தக் காதலுக்காக வந்தது. லல்லியும் பப்பியும் சந்திப்பதற்குள் நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியம் எதுவும் நமக்குப் பாக்கியில்லை. நாம் பெரியவர்கள் பக்கம் உட்கார்ந்து, பிள்ளைகள் எப்போது சேர்த்துவைப்பார்கள் என்று காத்திருக்கிறோம். டிஸ்னியின் 1998 படமும் ஏவி.எம்.மின் 1965 படமும் ஒன்றையொன்று அறியாமலே இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன.

நடிப்புத் தொழில்நுட்பமும் கதையின் உணர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பதை இந்தப் படங்களைப் போலக் காட்டும் வரிசை வேறில்லை. தமிழில் இரட்டை வேடம் 1940இல் பி. யு. சின்னப்பா நடித்த ‘உத்தமபுத்திரன்’ காலத்திலிருந்தே உண்டு. கேமராவை அசையாமல் நிறுத்தி, லென்ஸில் பாதியை மறைத்து ஒரு பக்கம் எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு பக்கத்தை எடுப்பார்கள். இதை மாஸ்க் ஷாட் என்பார்கள் சினிமாக்காரர்கள். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடும். நடிகரின் கை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமென்றால் வேறொரு பிள்ளையை முதுகு காட்டி நிறுத்த வேண்டும். டிஸ்னி நிறுவனத்திடம் இதைவிட நுட்பமான வசதிகள் இருந்தன. அங்கேயும் ஹெய்லி மில்ஸுக்கு உடல்சாயல் கொண்ட இன்னொரு பெண் தேவைப்பட்டாள்.

இருட்டில் நீண்டு வந்து தலையைத் தடவும் அந்தக் கையை இப்போது நினைத்துப் பாருங்கள். நாவலின் உயிர்நாடி அந்தத் தொடுகை. கோபம் கரைந்து உறவு தொடங்கும் இடம் அது. நிஜ இரட்டையரை வைத்து எடுத்த 1950 படத்துக்கு அதில் சிரமமே இல்லை. அடித்துக்கொள்ளலாம், கட்டிப்பிடித்து அழலாம். ஒரே குழந்தை இரண்டு வேடம் போட்ட படங்களில் சகோதரிகள் பெரும்பாலும் எதிரெதிரே நின்று பேசவே முடிந்தது. 1956இல் பிறந்த குட்டி பத்மினிக்குப் படம் வந்தபோது ஒன்பது வயது. நாவலின் இரட்டையருக்கும் அதே வயது. வெற்றிடத்தைப் பார்த்துப் பேசி, எதிரே சகோதரி நிற்பதாக நம்மை நம்பவைத்தது அந்தக் குழந்தை. துடுக்குக்கு ஒரு குரல், அடக்கத்துக்கு ஒரு குரல், நடையிலும் கண்ணிலும் வித்தியாசம். அந்த நடிப்பின் அருமையை நம் சினிமா வரலாறு இன்னும் சரியாக எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

வசனம் விட்டுவைத்ததைப் பாட்டு சொன்னது. கண்ணதாசன் எழுதி எம். எஸ். ராஜேஸ்வரி பாடிய கோழிப் பாட்டில், பறவைக் குடும்பத்தின் பிரிவை வைத்துத் தன் வீட்டுப் பிரிவைக் குழந்தை பாடுகிறது. படத்தில் பெற்றோரைக் குறை சொல்லப் பிள்ளைக்குக் கிடைத்த இடம் அநேகமாக அது ஒன்றுதான். அதுவும் கோழி சேவல் என்ற மறைப்புக்குள்ளே. இதே இயக்குநர்கள் 1966இல் தெலுங்கில் ‘லேத மனசுலு’ என்றும், 1968இல் இந்தியில் ‘தோ கலியான்’ என்றும் இதை எடுத்தார்கள். தெலுங்கிலும் குட்டி பத்மினிதான். இந்தியில், பின்னாளில் நீத்து சிங் என்று புகழ்பெற்ற பேபி சோனியா, கங்கா, ஜமுனா என்ற இரட்டையராக வந்தார். அங்கே சாஹிர் லூதியான்வி எழுதி லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு, குழந்தையின் களங்கமில்லாத மனத்தைப் போற்றுகிறது. பிள்ளை போற்றப்படப் போற்றப்பட, அதன் கோபத்துக்கு இடம் குறைகிறது.

தமிழ்ப் படத்தில் குடும்பம் உடையக் காரணம் ஜி. வரலட்சுமி நடித்த அலமேலு, அதாவது அம்மாவின் அம்மா. பணத் திமிர், மருமகனை வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்து அடக்கும் புத்தி. தன்மானம் உள்ள கணவன், அம்மா பேச்சைத் தட்டாத மகள். இதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் கல்யாணம் இரண்டு பேரோடு முடிவதில்லை. இரண்டு வீடுகளின் கௌரவமும் வசதியும் அதில் கலந்திருக்கின்றன. அதைக் கதைக்குள் கொண்டுவந்தது ஜாவர் சீதாராமனின் திறமை. 1954இல் ‘அந்த நாள்’ எழுதியவர் அவர். வெளியிலிருந்து வந்த யோசனையை நம் மண்ணில் ஊன்றத் தெரிந்தவர். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. பழியெல்லாம் ஒரு பாட்டி தலையில் விழுந்ததும், அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லும் கடமையிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள். பாட்டி திருந்தினால் போதும், எல்லாம் சரி. கேஸ்ட்னர் அவர்களை அப்படித் தப்பவிடவில்லை. சட்டப்படி நடந்த விவாகரத்து அவர் கதையின் அடித்தளம். இருவரும் தெரிந்தே எடுத்த முடிவு அது. இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் விவாகரத்துக்கு வழி திறந்து பத்து ஆண்டுகள் கழித்தும், நம் படத்துக்கு அந்தச் சொல்லைச் சந்திக்கத் துணிவு வரவில்லை. கோபித்துக்கொண்டு பிரிந்த தம்பதியாகவே வைத்துக்கொண்டது.

இந்த இடத்தில் பழனி மலை நினைவுக்கு வருகிறது. பிள்ளைக்குக் கோபப்படும் உரிமை உண்டு என்பதற்குத் தமிழில் இதைவிடப் பெரிய சான்று கிடையாது. மாம்பழம் தனக்கு இல்லை என்றானதும், பெற்றோரை விட்டு ஆண்டிக் கோலத்தில் மலையேறிப் போனான் முருகன். தாயும் தந்தையும்தான் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வந்தார்கள். கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் முன் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கீழே பழனி தெரியும். அந்த ஊரின் பெருமையே ஒரு பிள்ளையின் கோபத்தில்தான் நிற்கிறது. அதே 1965இல், சில மாதங்களுக்கு முன்னால், ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ இந்தக் கதையோடுதான் தொடங்கிற்று. அதிலும் முருகனின் கோபம் முதல் காட்சிகளில் பொங்கி, தந்தையின் பெருமையைத் தாய் கதை கதையாகச் சொல்லக் கேட்டு அடங்குகிறது. ஒரே ஆண்டில் இரண்டு பெரிய படங்கள், இரண்டிலும் பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைகள், இரண்டிலும் கடைசியில் பிள்ளைதான் இறங்கி வருகிறது. அறுபதுகளின் தமிழ் சினிமா குழந்தையைத் தெய்வமாக்கியது. தெய்வமான குழந்தைக்குக் கோபம் இருந்ததைப் பழனி மறக்கவில்லை, திரைதான் மறந்தது.

அந்த மலைத்தொடரின் மேல்பகுதியில் இன்னொரு பிள்ளை வரலாறும் உண்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் அங்கே ஏரியை உண்டாக்கினார். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளெர்க் என்ற இடத்தில் பள்ளி தொடங்கியது. அதுதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. சமவெளியில் வேலை பார்த்த பெற்றோர், பிள்ளைகளை மலையில் விட்டுவிட்டு, கோடை வந்ததும் ஏறி வந்து கொஞ்ச நாள் உடன் தங்குவார்கள். மலை பிள்ளைகளின் ஊர், பெற்றோர் அங்கே விருந்தாளிகள். பின்னர் மற்றப் பள்ளிகளும் விடுதிகளும் வந்தன. தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். ஏரி, மலை, வீட்டை விட்டு வந்த பிள்ளைகள், முதல் ராத்திரி அழுகை, பக்கத்துக் கட்டில் தோழி: கேஸ்ட்னர் கற்பனையில் கட்டிய ஸேபூலுக்கு வேண்டியதெல்லாம் இங்கே நிஜமாக இருக்கிறது.

தமிழ் சினிமா இந்த மலைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. காதலர்கள் பாடப் பனிமூட்டமும் பைன் மரங்களும் தேவைப்பட்டன. 1991இல் ‘குணா’ ஒரு குகைக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. விடுதிக் கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளையின் கண்ணால் இந்த ஊரைப் பார்த்த படம் என்று மனதில் நிற்கும்படி ஒன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்று இந்தக் கதைக்கு 1965ஐவிடத் தேவை அதிகம். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த குடும்ப நல நீதிமன்றங்கள் நம் மாவட்டத் தலைநகரங்களில் இயங்குகின்றன. வராந்தாவில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் காத்திருப்பதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், காப்பாளரை நியமிக்கும்போது பிள்ளையின் நலமே முதன்மை என்கிறது. சட்டத்தில் எழுதியிருக்கும் அந்த முதன்மை திரையில் இன்னும் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. பெற்றோர் சேர்ந்தால் சுபம் என்பதே இன்றும் நம் படங்களின் கணக்கு. சேராத பெற்றோரின் பிள்ளைகள் அந்த முடிவைப் பார்த்துவிட்டு, தாங்கள் போதுமான அளவு சாமர்த்தியமாக இருக்கவில்லை என்று எண்ணிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கேஸ்ட்னரும் பெற்றோரைச் சேர்த்துத்தான் வைத்தார். ஆனால் அதற்கு முன், பிள்ளைகளுக்குச் செய்த தவறு என்ன என்பதை அந்த இருவருக்கும் முகத்துக்கு நேரே காட்டிவிட்டார். ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தை இன்றும் நெகிழ்ந்து பார்க்கிறவன்தான் நான். இருந்தாலும் இந்த ஓர் அளவுகோலில், நாவலுக்கு மிக அருகில் நிற்பது 1950இன் ஜெர்மன் படமே. மற்றவை எல்லாம் பெரியவர்கள் பக்கம் சாய்ந்தவை.

சிறுவர் படம் எடுக்க நினைக்கும் இளம் இயக்குநர்களிடம் கேட்க எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இந்த நாவலை மறுபடி எடுங்கள், கொடைக்கானல் விடுதி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நிஜ இரட்டையரைத் தேடிப் பிடியுங்கள், நம் ஊர்களில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. அம்மா திண்டுக்கல்லிலோ திருப்பூரிலோ வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கட்டும், அவள் வருவதற்குள் மகள் உலை வைக்கட்டும். பாட்டி மீது பழி போடாதீர்கள். ஏன் எங்களைப் பிரித்தீர்கள், ஏன் மறைத்தீர்கள் என்று அந்தப் பெண்கள் ஒரு காட்சியிலாவது வாய்விட்டுக் கேட்கட்டும். பதில் சொல்ல அப்பாவும் அம்மாவும் வத்தலக்குண்டு வழியாக மலையேறி வரட்டும்.